மாலாட்1 சோதனைக்குப் பணம் கட்டலாமா?

ஏற்காட்டில் இருக்கும் அப்பாவுக்கு நுரையீரல் அடினோகார்சினோமா (ஒரு வகை நுரையீரல் புற்றுநோய்), சேலத்தில் ஒரு லேபில் மாலாட்1 ஆர்.என்.ஏ. சோதனை எடுக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாங்க.

மாலாட்1 என்பது எந்தப் புரதத்தையும் உருவாக்காத நீளமான ஆர்.என்.ஏ. ஆரம்பக் கட்டத்தில் பிடிபட்டும் பிற்பாடு நோய் பரவியவர்களின் கட்டியில் இது கூடுதலாக இருப்பதை 2003-ல் கண்டார்கள். ஆய்வுக்கு அருமையான சரக்குதான். ஆனால் அளவு கூடினால் இன்ன மருந்து என்று சொல்ல இன்றைக்கு வழியில்லை.

சிகிச்சையைத் தீர்மானிப்பவை ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே, ஆர்ஓஎஸ்1 மரபணு மாற்றங்கள், பிடி-எல்1 புரத அளவு போன்றவை. பயாப்ஸி ரிப்போர்ட்டில் இவை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் கேட்டு பாரஃபின் பிளாக்கை (பயாப்ஸியில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்தது) வாங்கி இந்தச் சோதனைகளுக்கே அனுப்புங்கள். மெழுகுங்க, மலையிறங்கியதும் வெயிலில் காருக்குள் விட்டுவிடாதீர்கள்.