மகள் சட்டம் படிக்கட்டும், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நல்ல கூட்டம். உங்களுக்குப் பத்து நிமிடம்கூட ஒதுக்க முடியவில்லை. உங்கள் மகள் ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றாள். கிளம்பும்போது நீங்கள் கேட்டீர்கள்: "தோட்டத்துப் பிள்ளைக்கு இன்டர்நெட் சட்டமெல்லாம் எதற்கு?" நின்ற வாக்கில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சம்பள நாளில் தோட்டத்து எழுத்தர் கிராணி நீட்டும் ஏட்டிலும், கடைக்காரர் நீட்டும் கடன் சீட்டிலும் கட்டை விரலை மையில் அழுத்தி வைத்துவிட்டு வருவார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதில்லை. கேட்டாலும் வாசித்துக் காட்ட ஆளில்லை. நாம் எல்லாரும் பள்ளிக்கூடம் போனதும் அந்தக் காலம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை, அக்கா. கைப்பேசியில் நீளமாக ஏதோ வருகிறது. கீழே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பொத்தான். படிக்காமல் அழுத்துகிறோம். அதுவும் கைநாட்டுதான். மலேசியாவின் 2006-ஆம் ஆண்டு மின் வணிகச் சட்டப்படி, மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு செய்தியைச் செல்லாது என்று தள்ள முடியாது. உயில், அதிகாரப் பத்திரம், அறக்கட்டளை, காசோலை போன்ற சிலவற்றுக்கு மட்டும் அந்தச் சட்டம் பொருந்தாது. மற்றபடி, புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) பேசி முடித்த பேரமும் ஒப்பந்தமாகலாம்.

உங்கள் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உங்கள் தம்பி மகன் இருநூறு ரிங்கிட்டுக்காக வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் யாரிடமோ கொடுத்தான். பிறகு காவல் நிலையத்துக்கும் வீட்டுக்கும் அலைந்தீர்கள். 'கழுதைக் கணக்கு' என்று செய்தித்தாளில் எழுதுகிறார்களே, அது இதுதான். ஏமாற்றுக்காரனின் பணத்தைச் சுமந்துபோகும் கழுதையாக நம் பிள்ளையின் கணக்கு ஆகிவிடுகிறது. 2024-இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, வங்கிக் கணக்கை இப்படிக் கைமாற்றுவதையே தனிக் குற்றமாக்கிவிட்டார்கள். அந்தப் பையன் கெட்டவன் அல்ல. அட்டையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவனுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. நம் வட்டாரத்தில் அதைச் சொல்லத் தெரிந்த ஒரு வழக்கறிஞர் வளர்ந்து வருவதை நீங்களே தடுக்கப் பார்க்கிறீர்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

அடுத்து முறுக்கு விவகாரம். மகள் தீபாவளிக்கு இணையத்தில் முறுக்கு விற்றாள். ஜொகூரிலிருந்து வாங்கியவர், பொட்டலம் நொறுங்கி வந்தது, தீர்ப்பாயத்துக்குப் போவேன் என்று மிரட்டினார். நீங்கள் அன்றிரவு தூங்கவில்லை என்று சொன்னீர்கள். பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் பயப்பட வேண்டிய இடம் அல்ல. ஐந்து ரிங்கிட் கட்டணத்தில், ஐம்பதாயிரம் ரிங்கிட் வரையிலான கோரிக்கையை, வழக்கறிஞர் இல்லாமலே சாதாரண மனிதர் கொண்டுபோவதற்காக ஏற்படுத்தியது. நாளைக்கு ஒரு கடை உங்களை ஏமாற்றினால் நீங்களும் அங்கே போகலாம்.

அந்த விவகாரத்தில் நீங்கள் கவனிக்காத ஒன்றை நான் கவனித்தேன். நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது மகள் கைப்பேசியை மட்டும் என் பக்கம் நீட்டினாள். வாங்கியவர் கேட்டது, தான் சொன்னது, அனுப்பிய இரசீது, நொறுங்கிய முறுக்கின் படம் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தாள். 'உடைந்தால் மாற்றி அனுப்புவேன்' என்று முன்பே எழுதியிருந்ததால் மறுபொட்டலமும் அனுப்பிவிட்டாள். பதினேழு வயதில், யாரும் சொல்லிக்கொடுக்காமல்! பல ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பார்த்து வருகிறேன். கணக்கில் கெட்டிக்காரர்கள் உண்டு, பேச்சில் கெட்டிக்காரர்கள் உண்டு. சான்றைப் பத்திரப்படுத்தத் தெரிந்த பிள்ளை அபூர்வம்.

நடுவில் ஒரு வேலை. உங்கள் வீட்டு இணைய இணைப்பு கணவர் பெயரில் இருக்கிறது. அண்டை வீட்டுப் பிள்ளைகளும் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்றீர்கள். இன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றுங்கள். 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 2012-இல் 114ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஒரு பதிவு எந்த இணைப்பிலிருந்து போனதோ, அந்த இணைப்பின் சொந்தக்காரரே அதை வெளியிட்டார் என்று முதலில் அனுமானிப்பார்கள். இல்லை என்று காட்ட வேண்டிய பாரம் அவர் மேல் விழும். இரவு வேலை முடித்துத் தூங்குகிற மனிதருக்கு அந்தப் பாரம் வேண்டாம்.

இனி படிப்பு. அந்தத் தனியார் கல்லூரி முகவர் 'சைபர் சட்ட டிப்ளோமா' என்று சொல்லி முன்பணம் கேட்டிருக்கிறார். கொடுக்காதீர்கள். இந்நாட்டில் 'சைபர் வழக்கறிஞர்' என்று தனி உரிமம் கிடையாது. முதலில் வழக்கறிஞராக வேண்டும். பிறகுதான் இந்தத் துறையை ஆழமாக எடுத்துக்கொள்ள முடியும். டிப்ளோமா மட்டும் வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் நின்று வாதாட முடியாது. பணம் போவதைவிட, இரண்டு ஆண்டுகள் வீணாகி, 'சட்டம் நமக்கு ஒத்துவராது' என்று அந்தப் பிள்ளை நம்பிவிடுவாளோ என்றுதான் எனக்கு அதிகக் கவலை.

நான் சொல்லும் பாதை நீளமானது, ஆனால் செலவு குறைந்தது. ஆறாம் படிவம் சேர்ந்து, பல்கலைக்கழகம் நுழைவதற்கான எஸ்.டி.பி.எம். தேர்வை எழுதட்டும். ஒன்றரை ஆண்டு, அரசுப் பள்ளி. ஆறாம் படிவத்தைப் பழங்காலத்துப் பாதை என்று பலர் ஒதுக்குகிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதைவிட நேர்மையான கதவை நான் பார்த்ததில்லை. ஆங்கிலத்துக்கு முயெட் தேர்வு உண்டு. அவளுடைய பலவீனம் அதுதான். இப்போதிருந்தே தினமும் ஆங்கில நாளிதழில் ஒரு தலையங்கம் வாசிக்கச் சொல்லுங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் சட்டப் படிப்பு நான்கு ஆண்டுகள். போட்டி கடுமை, மறைக்க மாட்டேன். பட்டம் வாங்கியதும் ஒரு வழக்கறிஞரிடம் ஒன்பது மாதப் பயிற்சி. அந்த ஒன்பது மாதங்கள் கையில் காசு நிற்காது. அதற்கென்று இப்போதே சிறிது சேர்த்து வையுங்கள். மொத்தத்தில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள். பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் கிடைத்தாலும், அதையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அரசுப் பல்கலைக்கழக இடம் கிடைக்காவிட்டால் தனியார் வழியும் இருக்கிறது. வெளிநாட்டுச் சட்டப் பட்டம் வாங்கியவர்கள் சி.எல்.பி. என்ற வழக்கறிஞர் தகுதித் தேர்வையும் எழுத வேண்டியிருக்கும்; எளிதான தேர்வு அல்ல. எந்தக் கல்லூரியானாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: 'இந்தப் பட்டத்தைச் சட்டத்துறைத் தகுதி வாரியம் அங்கீகரிக்கிறதா?' முகவரின் வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள். வாரியத்திடமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மகளிடம் விடுங்கள், அவள் வாங்கிவிடுவாள்.

'கம்ப்யூட்டர் படித்தால் உடனே வேலை' என்று உங்கள் அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சட்டப் பட்டம் இல்லாமலே இந்தத் துறைக்குள் நுழைய ஒரு வாசல் இப்போது திறந்திருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2024-இல் திருத்தினார்கள். அதன்படி, இருபதாயிரம் பேருக்கு மேற்பட்டவர்களின் விவரங்களைக் கையாளும் நிறுவனங்கள் 2025 ஜூன் முதல் தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் அறிவிக்க வேண்டும். சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளை மீறினால் அபராதம் பத்து இலட்சம் ரிங்கிட் வரை போகலாம். மருத்துவமனை, வங்கி, காப்புறுதி நிறுவனம் என்று எல்லா இடத்திலும் இதற்கு ஆள் வேண்டும். கணினியும் சட்டமும் ஓரளவு தெரிந்தவர்கள் குறைவு. அண்ணன் பிடிவாதமாக இருந்தால் மகள் கணினி படித்துக்கொண்டே இந்தப் பக்கம் வரலாம். ஆனால் எந்த வேலை பிடிக்கும் என்று அவளைக் கேட்டீர்களா? என் முன்னால் நீங்கள் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கேளுங்கள், அண்ணன் இல்லாத நேரத்தில்.

என்னைக் கேட்டால், சட்டம். நீதிமன்றத்தில் வாதாடுவது மட்டுமே அந்த வேலை அல்ல. நிறுவனங்களின் மென்பொருள் ஒப்பந்தம் எழுதுவது, கணினியிலிருந்து எடுத்த சான்று நிற்குமா என்று பார்ப்பது, வியாபாரப் பெயரை இணைய முகவரியாக வேறொருவர் பிடித்துக்கொண்டால் மீட்டுக் கொடுப்பது எல்லாம் அதில் அடங்கும். கடைசியில் சொன்ன மாதிரி வழக்குகளை, முகவரி '.my' என்று முடிந்தால், கோலாலம்பூரில் இருக்கும் ஆசிய அனைத்துலக நடுவர் மையம் விசாரிக்கிறது. நம் சுங்கை சிப்புட்டிலிருந்து கிளம்பும் ஒரு பெண் அந்த மேசையில் உட்காரக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

முறுக்கு வியாபாரத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். பதினெட்டு வயது முடிந்ததும் மலேசிய நிறுவன ஆணையத்தில் வணிகத்தைப் பதியட்டும். சொந்தப் பெயரில் நடத்தினால் ஆண்டுக்கு முப்பது ரிங்கிட், வேறு பெயர் வைத்தால் அறுபது. அதுவரை உங்கள் பெயரில் பதியலாம். விலை, அனுப்பும் செலவு, திருப்பித் தரும் விதி, தொடர்பு எண் எல்லாவற்றையும் வாங்குபவர் கண்ணில் படும்படி அவளே எழுதி வைக்கட்டும். அவள் எழுதும் முதல் ஒப்பந்தம் அதுதான்.

தம்பி மகனிடம் ஒன்று சொல்லுங்கள். இனி யாராவது அட்டை கேட்டு, அதை அவன் கொடுத்தும்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே வங்கியை அழைக்கட்டும். பணம் ஏமாந்து போயிருந்தால் 997 என்ற மோசடிப் புகார் எண்ணையும் அழைக்க வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் பல கணக்குகள் தாண்டிப் போய்விடும்.

வரும் ஞாயிறு காலை பூசை முடிந்ததும் வாருங்கள். மகளின் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிவுத் தாளையும், முகவர் கொடுத்த விண்ணப்பப் பாரத்தையும் எடுத்துவாருங்கள். பாரத்தில் எங்கேயும் கையெழுத்துப் போட வேண்டாம். மகள் அதை என் முன்னால் வரிவரியாக வாசித்துக் காட்டட்டும்.