பழனிப் பாதையும் துக்கமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அப்பா போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. இன்றுவரை நான் வாய்விட்டு அழவில்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் குழுவில் சேரச் சொல்லி அத்தை கூப்பிடுகிறார். நடந்தால் மனசு ஆறும் என்கிறார்கள். உண்மையா? தூக்கத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். விரதத்தில் அதை நிறுத்திவிடலாமா?

எஸ்., மேலூர்

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: நிறுத்தாதீர்கள். மாலை போட்ட அன்றே மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். திடீரென விட்டால் படபடப்பும் கைநடுக்கமும் வரலாம், இருக்கிற தூக்கமும் போகலாம். அதை முருகன் சோதிக்கிறான் என்று எடுத்துக்கொள்வார்கள். எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் அரை மாத்திரைகூடக் குறைக்க வேண்டாம்.

சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக ஏறத்தாழ 150 கி.மீ. ஆறு நாளில் போய்ச் சேர நாளுக்கு 25 வீதம் நடக்க வேண்டும். முதல் இரண்டு நாள் துக்கத்துக்கு இடமே இருக்காது. குதிகாலும் இடுப்பும்தான் பேசும். அந்த வலி பழகிய பிறகுதான் மற்றது மேலே வரும். வரவில்லை என்றாலும் குறையில்லை. அழுதே தீர வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

துக்கம் கேட்க வருகிறவர் எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்ப்பார். நடைக் குழுவில் எல்லோரும் 'சாமி'. பக்கத்தில் வருபவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவார். பேச்சு பாதியில் நின்றாலும் யாரும் தூண்ட மாட்டார்கள். விடிகாலை நாலு மணி இருட்டில் நீங்கள் விசும்பினால், டார்ச் வெளிச்சம் உங்கள் முகத்துக்குத் திரும்பாது. அத்தையோடு ஒட்டிக்கொண்டே நடக்காமல், உங்கள் வேகத்தில் வருபவரோடு நடங்கள். அடுத்தவர் வேகத்துக்கு இழுபட்டால் முழங்கால் போய்விடும், பேச்சும் வராது.

கொப்புளம் உராய்வாலும் ஈரத்தாலும் வருவது. ஓரிடம் சுடுவதுபோல் எரிந்தால் அப்போதே உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டுங்கள். அடுத்த ஊர்வரை தள்ளிப்போட்டால் நீர் கோத்துவிடும். நடக்க முடியாத அளவு பெரிதானால், ஸ்பிரிட்டில் துடைத்த புது ஊசியால் ஓரத்தில் மட்டும் குத்தி நீரை வடித்து, தோலை உரிக்காமல் மூடிவிட வேண்டும். குனிந்து தன் பாதத்தைத் தானே பார்ப்பது கஷ்டம். முன்பின் தெரியாத ஒரு அம்மாள் உங்கள் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, மண்ணைத் துடைத்து, "கொஞ்சம் எரியும், பொறு தாயி" என்பார். ஒரு வருஷமாக வராத அழுகை அங்கேதான் பலருக்கு உடைகிறது. கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொள்ளாதீர்கள்.

சர்க்கரை நோய் இருந்தால் வெறுங்கால் கூடாது. முள் ஏறினாலும் உணர்ச்சி தெரியாமல் போகலாம். கழிப்பறைக்குப் பயந்து பெண்கள் தண்ணீர் குடிக்காமல் நடந்து, நீர்க்கடுப்போடு பாதியில் பஸ் ஏறுகிறார்கள். குழு தங்கும் இடங்களை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்னதானப் பந்தலில் கூப்பிடுகிறார்களே என்று மூன்று இடத்தில் பொங்கல் சாப்பிட்டால் நடை ஓடாது.

திரும்பிய வாரம்தான் கடினம். வீடு வெறிச்சென்று இருக்கும், கால் வீங்கியிருக்கும். இரண்டு நாள் லீவு சேர்த்துப் போடுங்கள். கூட நடந்தவர்களில் ஒருவர் நம்பரையாவது மலையேறும் முன் வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கியபின் கூட்டத்தில் ஆளைப் பிடிக்க முடியாது.