பெரியம்மாவின் இரண்டு பெட்டி சஞ்சிகைகள்

கேள்வி: அக்கா, என் பெரியம்மா மார்கழியில் காலமானார். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் அவரும் நானும்தான் இருந்தோம். ஆபிரிக்க வயலட் என்றால் அவருக்கு உயிர். அமெரிக்காவிலுள்ள வயலட் சங்கத்தின் சஞ்சிகை அவருக்குத் தபாலில் வரும். 1979 முதல் 1994 வரை இரண்டு பெட்டி நிறைய இருக்கின்றன, 1983 மட்டும் இல்லை. இதழ் வந்த கிழமையே பம்பலப்பிட்டியிலிருந்து இரண்டு சிநேகிதிகள் வந்துவிடுவார்கள். பின்னேரம் முழுக்க மூவரும் அதை வைத்தே கதைப்பார்கள். அப்படி என்னதான் அதில் கண்டார்கள்? பழைய பேப்பர்காரருக்குப் போடச் சொல்கிறார் அண்ணா. எனக்கு மனம் வரவில்லை. ஆறு சாடி மிச்சம் இருக்கின்றன, பின் பல்கனியில். ஐந்து பூப்பதே இல்லை. கோடு போட்ட பூப் பூக்கிற ஒன்றிலிருந்து இலை வைத்து வளர்த்தேன், வெறும் ஊதாவாக வந்தது. நான் என்ன பிழை விட்டேன்? சில பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். - வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, பேப்பர்காரருக்குப் போட வேண்டாம். நான் சொன்னதாகவே அண்ணாவிடம் சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களில் ஒன்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரவில் 65 பாகை பரனைற் இருந்தால் செடிக்கு நல்லது என்று அச்சில் இருக்கிறது. பெரியம்மா அதன் கீழே பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார்: "இங்கே 77. மொட்டுக் கருகும். கிழக்கு யன்னல், தரையோடு வை." இன்னும் கீழே, பீற் (சாடி மண்ணில் கலக்கிற மக்கிய பாசி) என்ற சொல்லை வெட்டிவிட்டு "தும்புத்தூள், மூன்று தரம் கழுவியது, கரித்துண்டு" என்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் வேறொரு கையெழுத்து: "கரி கூடிவிட்டது, எனக்குச் சரிவரவில்லை." அது சிநேகிதி ஒருவருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

அவர்கள் அதில் என்ன கண்டார்கள் என்பதற்கு அந்தப் பக்கமே பதில். இப்படிப்பட்ட சஞ்சிகையில் எழுதுகிறவர்களில் பலர் பேராசிரியர்கள் இல்லை. தங்கள் வீட்டு யன்னலோரத்தில் எது பிழைத்தது, எது அழுகியது என்று எழுதுகிறவர்கள். அதை வாசிக்கிறவருக்கும் பதில் சொல்லத் தோன்றும். பெரியம்மா ஓரத்தில் பதில் சொல்லியிருக்கிறார். கடையில் வாங்குகிற எந்தப் பூச்செடிப் புத்தகத்திலும் கொழும்புக் கடற்கரைத் தொடர்மாடிக்கு வயலட் வளர்ப்பது எப்படி என்று இருக்காது. உங்கள் பெட்டிகளில் இருக்கிறது.

அந்த 65 பாகைக்கும் காரணம் உண்டு. இது வயலட் என்று பெயர் வாங்கினாலும் வயலட் குடும்பமே இல்லை. கிழக்கு ஆபிரிக்காவில், இன்றைய தன்சானியாவின் உசம்பரா மலைகளில், நிழல் விழுந்த ஈரப்பாறைகளில் வளர்கிற செடி. 1892இல் அங்கே ஜெர்மன் அதிகாரியாக இருந்த சென் போல் பிரபு விதைகளைத் தன் தகப்பனாருக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டே வென்ட்லாண்ட் என்ற தாவரவியலாளர் அந்தக் குடும்பத்தின் பெயரால் 'செயின்ட்போலியா' என்று பெயர் வைத்தார். மலைக் காற்றுக்குப் பழகிய செடியை நாம் கடல் வெக்கையில் வளர்க்கிறோம். பகல் சூட்டோடு, இரவும் குளிராமல் இருப்பதுதான் அதற்குக் கஷ்டம்.

1946இல் அமெரிக்காவில் அந்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள். உலகத்தில் யார் புதிதாக ஒரு வயலட் இனத்தை உருவாக்கினாலும் பெயரைப் பதிவது அங்கேதான். பெரியம்மாவின் இதழ்களில் பின்பக்கமாகப் புரட்டிப் பாருங்கள், பதிவான பெயர்கள் வரிசையாக இருக்கும்: யார் உருவாக்கினார், பூ ஒற்றையா அடுக்கா, இலை எப்படி என்று. செடிகளின் பிறப்பு அத்தாட்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் படத்தில், சாடிகளில் ஐஸ்கிரீம் டப்பா மூடியை வெட்டிச் செருகிய பெயர்த்துண்டுகள் தெரிகின்றன. அந்தப் பெயர்களை இதழ்களில் தேடிப் பாருங்கள். பூவே பார்க்காத ஐந்தும் என்ன நிறம் என்று உங்களுக்குத் தெரிந்துவிடலாம். துண்டுகளை மட்டும் எக்காரணம் கொண்டும் எறியாதீர்கள். பெயர் போன செடிக்குப் பெயரைத் திருப்பிக் கொடுப்பது மிகவும் கடினம்.

1983 இல்லை என்றீர்கள். அந்த ஆண்டு வெள்ளவத்தையில் இருந்த யாரையும் அதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. என் கண்ணில் பட்டது வேறு. 1984 இருக்கிறது. அதாவது, அதற்குப் பிறகும் பெரியம்மா உட்கார்ந்து சந்தாப் பணம் அனுப்பியிருக்கிறார். எந்த மனநிலையில் அனுப்பினார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் அந்த முதல் இதழை எடுத்துத் தனியாக வையுங்கள்.

சரி, சாடிகளுக்கு வருவோம். ஐந்தும் பூக்காததற்கு முதல் சந்தேகம் வெளிச்சம். உங்கள் பல்கனிக்கு எதிரே சுவர் தெரிகிறது. காலை வெயில் மட்டும் படுகிற யன்னலுக்கு மாற்றுங்கள். அப்படி யன்னல் இல்லையென்றால் ஒரு ரியூப் லைற்றின் கீழே, ஒரு அடி இடைவெளி விட்டு, நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் வையுங்கள். இரவு கட்டாயம் இருட்டாக இருக்க வேண்டும். அப்புறம், சாடி பெரிது. செடியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் சாடியின் வாய் இருக்க வேண்டும். பெரிய சாடியில் மண் ஈரம் காயாமல் நடுக்குருத்து அழுகும். அடியிலை உதிர்ந்து கழுத்து நீண்டுவிட்ட இரண்டையும், கழுத்தை மெல்லச் சுரண்டிவிட்டு, புது மண்ணில் இலைக்கட்டு வரை இறக்கி நடுங்கள். குளிர்ந்த தண்ணீர் இலையில் பட்டால் வெளிறிய வட்டம் விழும், அது மாறாது. அறைச் சூட்டில் வைத்த தண்ணீரைத் தட்டில் ஊற்றி, அரை மணி கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

கோடு போட்ட பூவில் உங்கள் பிழை ஒன்றுமில்லை. அதைக் கைமேரா என்பார்கள். ஒரே செடிக்குள் இரண்டு வகைத் திசு, ஒன்றின் மேல் ஒன்று படிந்து வளர்கிறது. அந்த அடுக்கு அப்படியே இருந்தால்தான் கோடு வரும். வெட்டிய இலைக்காம்பில் முளைக்கிற குட்டியில் அநேகமாக அந்த அடுக்குக் குலைந்துவிடும், அதனால்தான் ஒற்றை நிறம். இதற்கு வேறு வழி இருக்கிறது. பூ வாடியதும் பூக்காம்பை வெட்டுங்கள். நடுவில் எதிரெதிராக இரண்டு குட்டி இலை இருக்கும். அந்த இரண்டும் மண்ணைத் தொடும்படி காம்பை ஈரத் தும்புத்தூளில் ஊன்றி, கண்ணாடிப் போத்தலால் மூடி நிழலில் வையுங்கள். அந்தக் குட்டி இலைகளின் கக்கத்திலிருந்து முளை வந்தால், கோடும் கூட வரும். எல்லாக் காம்பும் பிடிக்காது, நாலைந்து வையுங்கள். தாய்ச்செடி ஒன்றுதான் இருக்கிறது என்பதால் இதை இந்த மாதமே செய்யுங்கள்.

இதழ்களைக் கடற்காற்றிலிருந்து காப்பாற்ற வேண்டும். கார்ட்போட் பெட்டி ஈரத்தை இழுக்கும், இராமபாணப் பூச்சிக்கும் அதுதான் பிடிக்கும். தை, மாசி வெயில் நாளில் நிழலில் விரித்துக் காற்றாட விட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் காய்ந்த வேப்பிலையோடு அடுக்குங்கள். பென்சில் எழுத்துள்ள பக்கங்களை எல்லாம் படம் எடுத்துவிடுங்கள், பென்சில் எழுத்து கைபடக் கைபடத் தேய்ந்து அழியும்.

வைத்திருந்து என்ன செய்வது என்று கேட்பீர்கள். அந்த இரண்டு சிநேகிதிகளையும் பற்றி ஒரு வரி எழுதினீர்கள், இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று எழுதவில்லை. இருந்தால் நல்ல வயதாகியிருக்கும். தொலைபேசி எண் பெரியம்மாவின் கொப்பியில் இருக்கும், தேடி எடுங்கள். போகிற அன்று கரி கூடிவிட்டது என்று எழுதியிருக்கிற அந்த இதழைக் கொண்டு போங்கள். கூடவே ஒவ்வொரு சாடியிலிருந்தும் ஓர் இலை, காம்போடு, ஈரத்துணியில் சுற்றி, பெயரும் எழுதி.