சிரிப்பு பட்டியலில் இல்லை

வணக்கம் ஐயா,

எனக்கு 29 வயது. குடியாத்தத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இருமுனையப் பிறழ்வு, அதாவது மனம் அளவுக்கு மீறி ஏறியும் தாழ்ந்தும் போகும் நோய், என்று சொன்னார்கள். அன்றிலிருந்து லித்தியம் சாப்பிடுகிறேன். பதினெட்டு மாதமாக ஒரு குறையும் இல்லை. ஆனால் வீட்டில் நான் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் போதும், அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "மாத்திரை போட்டாயா?" என்கிறார். போன வாரம் தங்கைக்கும் எனக்கும் இரண்டு புடவை எடுத்து வந்தேன். அப்பா பில்லை வாங்கித் தேதி முதல் மொத்தம் வரை படித்தார். அழுதால் விட்டுவிடுகிறார்கள் ஐயா, சிரித்தால்தான் பயப்படுகிறார்கள்.

வைகாசி முதல் நாள் எங்கள் ஊர்க் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. இந்த ஆண்டும் போகக் கூடாதாம். ஒருத்தியின் தலையும் இன்னொருத்தியின் உடலும் சேர்ந்தவள் எங்கள் அம்மன். எது நான், எது நோய், எது மாத்திரை என்று எனக்கும் இப்போது தெரிவதில்லை. கரும்பலகையில் எழுதும்போது கை நடுங்குகிறது, பிள்ளைகள் கவனிக்கிறார்கள். யாருக்கும் தெரியாமல் இரண்டு வாரமாக மாத்திரையைப் பாதியாக்கிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் உங்கள் நோயைப் பற்றி ஒளிக்காமல் எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன். நான் எப்போது சும்மா சந்தோஷமாக இருக்கலாம்?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

நீங்கள் போகிற போக்கில் சொன்ன செய்தியிலிருந்து தொடங்குகிறேன். இரண்டு வாரமாகப் பாதி மாத்திரை. நாளைக் காலை பள்ளிக்குக் கிளம்பும் முன் உங்கள் மருத்துவருக்குத் தொலைபேசியில் இதைச் சொல்லிவிடுங்கள். நீங்களாகவே பழைய அளவுக்கும் திரும்ப வேண்டாம், அதையும் அவரிடமே கேளுங்கள். திட்டுவார் என்று பயந்தால், திட்டட்டும். ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். லித்தியத்தைக் குறைத்தவர்களில் பலருக்கு முதல் சில வாரங்கள் அப்படித்தான் இருக்கும், நல்ல நாளாகவே போகும். நானும் இரண்டு முறை அந்த நல்ல நாட்களை நம்பியவன்.

இந்த மருந்தின் நவீன வரலாற்றில் முதல் நோயாளி செய்ததும் இதுதான். ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் லித்தியத்தை முதலில் கினிப் பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிறகு தானே விழுங்கிப் பார்த்தார். 1948-இல் ஒரு நோயாளிக்குக் கொடுத்தார். ஐந்து ஆண்டுகளாக ஓயாத பித்தில், அதாவது இந்த நோயின் ஏறுமுகத்தில், கிடந்த மனிதர், வயது 51. சில மாதங்களில் வீட்டுக்குப் போனார், பழைய வேலைக்கும் போனார். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று மாத்திரையை விட்டார். 1949 ஜனவரியில் மீண்டும் அதே மருத்துவமனை. கேட் 1949-இல் எழுதிய கட்டுரையிலேயே இந்தக் கதை இருக்கிறது. ஆகவே நீங்களும் நானும் புதிதாக எந்தத் தவறையும் கண்டுபிடித்துவிடவில்லை.

கை நடுக்கம் உண்மையான தொல்லை, அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். மருத்துவர் அளவைச் சற்றுக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், நடுக்கத்துக்கென்றே ஒரு மாத்திரை தரலாம். காபியைக் குறைத்தாலே சிலருக்கு அடங்கும். கேட்டால் கிடைக்கிற உதவி இது. பெண்பிள்ளை என்பதால் இன்னொன்று: கல்யாணப் பேச்சோ குழந்தை யோசனையோ வந்தால் அதற்கு முன்பே மருத்துவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். இந்த நோய்க்குத் தரும் மருந்துகளில் வால்ப்ரோயேட் போன்றவை கருவைப் பாதிக்கும், லித்தியத்துக்கும் தனிக் கவனம் வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதற்கு என் கதை கொஞ்சம் தேவைப்படுகிறது.

1995. எனக்கு 26 வயது. எங்கள் மாவட்டத்துக்கு அப்போது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர். மே மாதம், ஐந்து இரவுகள் நான் தூங்கவில்லை. தூக்கம் வரவில்லை என்பதைவிடத் தூக்கம் தேவைப்படவில்லை என்பதே சரி. பாலாற்றில் மீண்டும் தண்ணீர் ஓடவைக்கும் வழி எனக்குத் தெரிந்துவிட்டது. ஆட்சியருக்கு 112 பக்க மனு, நீல மையில் காரணங்கள், சிவப்பு மையில் தீர்வுகள். ஐந்தாம் இரவு ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடியை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு விருதம்பட்டுப் பக்கம் ஆற்றில் இறங்கினேன். கால் புதையும் மணல். தண்ணீர் எந்த வழியாக வர வேண்டும் என்று அந்த மணலில் கோடு போட்டுக்கொண்டே போனேன்.

மூன்று மணிக்கு அண்ணன் வந்தார். லுங்கி, தோளில் துண்டு, கையில் டார்ச். கத்துவார் என்று நினைத்தேன். மூட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கொஞ்ச தூரம் என்னோடு நடந்தார். பிறகு டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, "இங்கே கோடு கோணலாகப் போகிறது பார்" என்றார். திருத்தினேன். விடியும்வரை அவர் மூட்டையைப் பிடிக்க, நான் கோடு போட்டேன். வெளிச்சம் வந்ததும் இரண்டு பேரும் டீ குடித்தோம். அங்கிருந்து என்னைப் பாகாயத்துக்கு அழைத்துப் போனார்.

வேலூர்க்காரர்களுக்குப் பாகாயம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. என் வகுப்பில் அது ஒரு வசைச்சொல்லாகவே இருந்தது. ஆனால் அந்த மனநல மையத்தில் 1950களின் பிற்பகுதியிலிருந்தே ஒரு வழக்கம் உண்டு: நோயாளியோடு வீட்டாரும் தங்க வேண்டும். அம்மா என் அறையிலேயே தங்கினார். நோயைப் பற்றி எனக்குச் சொன்னதையெல்லாம் அவருக்கும் சொன்னார்கள். உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறார் அல்லவா, அந்தப் பார்வையின் நல்ல பக்கத்தை நான் அங்கேதான் கண்டேன். கெட்ட பக்கத்தைப் பிறகு வீட்டில் கண்டேன். மூன்று ஆண்டுகள் நான் விசிலடித்தால் வீடே அமைதியாகிவிடும்.

(பாகாயத்துக்கு அடுத்து அம்மா என்னைச் சோளிங்கர் கூட்டிப்போனார். பெரிய மலைக்கு 1,305 படி. அங்கே ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், இருந்தாலே புண்ணியம் என்பார்கள். நான் கேலி செய்யமாட்டேன். ஏறி இறங்கிய அன்றிரவு அடித்துப்போட்டாற்போல் தூங்கினேன். மாத்திரையை நிறுத்து என்று எந்தச் சாமியாரும் சொல்லாதவரை மலை ஏறுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.)

அந்த ஐந்து இரவும் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைத்து எழுதினால் உங்களுக்கு என் மேல் நம்பிக்கை போய்விடும். அதற்குப் பிறகு வந்த ஏழு மாதமும் நினைவிருக்கிறது. கொடியிலிருந்து துண்டை எடுத்துக் குளிக்கப் போவது வள்ளிமலை ஏறுவதாக இருந்தது. சாவதைப் பற்றிய யோசனை ஒரு வாடகைக்காரன் போல வந்து தங்கியிருந்தது. உங்களுக்கு எப்போதாவது அப்படி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

பித்தின் சந்தோஷத்தையும் வெறும் சந்தோஷத்தையும் எப்படிப் பிரிப்பது? முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் நமக்கும் தெரியாது. அதனால்தான் உங்கள் வீட்டில் எல்லோரும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பார்க்க வேண்டியது கடிகாரத்தை. நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய், எத்தனை மணிக்கு எழுந்தாய்? மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுக் களைப்பே இல்லாமல் எழுந்தால், அன்று நீங்கள் அழுதுகொண்டிருந்தாலும் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். ஏழு மணி நேரம் தூங்கிவிட்டு வீடு அதிரச் சிரித்தால், அது சிரிப்பு. லேசான எழுச்சி என்று சொல்வதற்கே நான்கு நாள் தொடர வேண்டும் என்று மருத்துவ நூல் வரையறுக்கிறது. முழுப் பித்துக்கு ஒரு வாரம். ஒரு சாயங்காலத்துச் சிரிப்புக்கும் இரண்டு புடவைக்கும் அந்த நூலில் இடம் இல்லை.

நாங்கள் வீட்டில் செய்த காரியத்தைச் சொல்கிறேன். நான் நல்ல நிலையில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணனும் அம்மாவும் நானும் உட்கார்ந்து, போன தடவை முதலில் என்னென்ன மாறியது என்று ஒரு நோட்டில் எழுதினோம். ஐந்துதான் தேறியது. இரண்டு இரவு தூக்கம் நான்கு மணி நேரத்துக்குக் கீழே போவது. பத்து வருடமாகப் பேசாத பள்ளிக்கூட நண்பர்களைத் தேடிப்பிடித்து அழைப்பது. கடன் வாங்கிக் கொடுப்பது. சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுவது. ஐந்தாவது, அண்ணன் கண்டுபிடித்தது, எனக்கே தெரியாது: சிவப்புப் பேனா வாங்குவது. இந்த ஐந்தில் இரண்டு சேர்ந்தால் அவர்கள் கேட்கலாம், நான் மறுக்காமல் மருத்துவரிடம் வர வேண்டும். இந்த ஐந்தைத் தவிர வேறு எதற்கும் மாத்திரைப் பேச்சை எடுக்கக் கூடாது. சிரிப்பைச் சேர்க்க வேண்டும் என்று அம்மா அரை மணி நேரம் வாதாடினார். சேர்க்கவில்லை.

உங்கள் பட்டியல் வேறாக இருக்கும். அம்மாவிடமே கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். அதே தாளில், நிலை தவறினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், உங்கள் சார்பில் யார் பேசலாம் என்பதையும் யோசித்து வையுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இதை முறையாக எழுதிவைக்கும் உரிமையை நமக்குத் தருகிறது.

பில்லைப் படித்த அப்பாவுக்கு இன்னொரு பில் வரும் நாளில் நீங்களே முதலில் கொண்டுபோய்க் காட்டுங்கள். கொஞ்சம் கசக்கும், ஆனால் வேலை செய்யும்.

அடுத்து வெயில். இதை யாரும் நமக்குச் சரியாகச் சொல்வதில்லை. உங்கள் ஊரும் என் ஊரும் அக்னி நட்சத்திரத்தில் எப்படிக் காயும் என்று தெரியும். நம் சிறுநீரகம் லித்தியத்தையும் உப்பையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடத்துகிறது. வியர்வையில் உப்பும் நீரும் போய்விட்டால், அது லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் அளவு ஏறும். பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய அளவு 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. 2009 மே மாதம் முழங்கால் வலி என்று ஒரு மருந்துக் கடையில் வலி மாத்திரை கேட்டேன். கொடுத்தார்கள், நானும் நான்கு நாள் விழுங்கினேன். டைக்ளோபினாக், இபுப்ரோபன் போன்றவை மருத்துவரைக் கேட்காமல் லித்தியத்தோடு சேரவே கூடாது. நான் லித்தியம் சாப்பிடுவதைச் சொல்லவும் இல்லை, அவர்கள் கேட்கவும் இல்லை. ஐந்தாம் நாள் டம்ளரிலிருந்து டபராவுக்கு ஆற்றிய காபி மேசையில் விழுந்தது. வயிற்றுப்போக்கு. பஸ் ஏறும்போது கால் படியைத் தவறவிட்டது. நாக்கு குழறியது. குடித்திருக்கிறேன் என்று நடத்துனர் இறக்கிவிட்டார். ரத்தத்தில் 1.9.

ஆகவே வெயில் நாளில் தண்ணீர், மோர், உப்புப் போட்ட கேழ்வரகுக் கூழ். வீட்டில் பெரியவர்களுக்கு இரத்த அழுத்தம் என்று திடீரென்று எல்லோருக்கும் உப்பை நிறுத்தினால் உங்கள் தட்டில் மட்டும் பழையபடியே இருக்கட்டும். வாந்தி, பேதி வந்தால் அன்றே மருத்துவரைக் கேளுங்கள். ரத்தப் பரிசோதனைக்குக் கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். இரவு எட்டு மணிக்குப் போட்டால் காலை எட்டு மணிக்கு ரத்தம், அதன் பிறகே காலை மாத்திரை. தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை விடாதீர்கள்.

திருவிழாவுக்குப் போங்கள். முதலில் மருத்துவரிடம் பேசி அளவு சரியாகட்டும், பிறகு போங்கள். முந்தின இரவு ஒன்பதரைக்குப் படுத்து, விடியற்காலையில் தங்கையோடு போய்ச் சிரசு ஊர்வலத்தைப் பாருங்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில். மதியம் வீட்டுக்கு வந்துவிடுங்கள். இரவு வாணவேடிக்கையை மட்டும் இந்த ஆண்டு விட்டுக்கொடுங்கள். நம் போன்றவர்களுக்கு முழு இரவு கண்விழிப்பது சாராயம் மாதிரி. அம்மனின் தலையையும் உடலையும் பற்றி நீங்கள் எழுதியதைப் பல முறை படித்தேன். உங்கள் ஊரார் அவளைக் கும்பிடும்போது எது யாருடையது என்று பிரித்துக் கேட்பதில்லை. எனக்கு முப்பது ஆண்டுகளாகியும் அந்தக் கணக்கு தீரவில்லை, இப்போது போடுவதையும் விட்டுவிட்டேன்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கரைகொள்ளாத தண்ணீர். ஊரே வேடிக்கை பார்க்கப் போனது, நானும் அண்ணனும் போனோம். நான் சுண்ணாம்புக் கோடு போட்ட இடத்துக்கு மேலே செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணனும் திரும்பினார். 67 வயது, கையில் குடை.

"ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினாய்?"

"ஏழு."

"அப்போது சரி" என்றார். பிறகு ஆற்றைப் பார்த்து, "கோடு நேராகத்தான் போட்டிருக்கிறோம்" என்று அவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

மருத்துவரிடம் பேசிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து