கிளிப் நழுவினால் குற்றம் முடியிலா?

(தினமும் கையில் எடுக்கும் பொருள்களின் வடிவமைப்பு பற்றிய வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர், கோவையில் பிளாஸ்டிக் மோல்டு (வார்ப்பு அச்சு) வடிவமைக்கும் பெண் பொறியாளர்.)

கே: பிரசவத்துக்குப் பிறகு முடி கொட்டி மெலிந்துவிட்டது. எந்த கிளட்சர் மாட்டினாலும் கொஞ்ச நேரத்தில் கழுத்துக்கு இறங்கிவிடுகிறது. ஸ்பிரிங் இன்னும் இறுக்கமாக உள்ளதாகப் பார்த்து வாங்கட்டுமா?
– மன்னார்குடி வாசகி

ப: வேண்டாம் தங்கச்சி, காசுதான் வீணாகும். உங்கள் கிளட்சரை முடி இல்லாமல் மூடி, பக்கவாட்டில் இருந்து பாருங்கள். இரு பக்கப் பற்களும் கோத்து முட்டி நின்ற பிறகும் உள்ளே வெற்றிடம் இருக்கும். உங்கள் முடி அந்த இடத்தை நிரப்பவில்லை என்றால், ஸ்பிரிங்கின் விசை முழுவதும் பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் முட்டிக்கொள்வதிலேயே போய்விடும். முடியின் மேல் ஒன்றும் விழாது. இறுக்கமான ஸ்பிரிங் போட்டால் முட்டல்தான் பலமாகும், பிடி வராது.

அடர்த்தி அதிகமானவர்களுக்கு இதே கணக்கு தலைகீழ். கிளிப் பாதி திறந்தபடியே நிற்கும். பல் நுனிகள் முடிக்கற்றையின் நடு அகலத்தைத் தாண்டிப் போயிருக்காது. அந்த நிலையில் ஸ்பிரிங் அழுத்த அழுத்த, கிளிப்தான் பின்னால் தள்ளப்படும். சிலருக்குத் தலையிலிருந்து தெறித்து விழுவது இதனால்தான்.

ஆகவே முதலில் அளவு. முடியை வழக்கம்போல முறுக்கிப் பிடித்து, கிளிப் மாட்டும் இடத்தில் ஒரு நூலைச் சுற்றி அளந்து, 3.14-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். நூல் 6 செ.மீ. வந்தால் உங்கள் கற்றை ஏறக்குறைய 19 மி.மீ. குறுக்களவு. மூடிய கிளிப்பின் உள்ளிடம் அதைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்க வேண்டும். பெரிய கிளட்சர்களை விட்டுவிட்டு, நடுத்தர அளவில் நெருக்கமான பல் உள்ளதை எடுங்கள். முறுக்கிப் போடுவதும் முக்கியம். முறுக்கிய முடி பிரியப் பார்க்கும், பிரியும்போது பற்களை உள்ளிருந்து தள்ளும், அந்தத் தள்ளலும் பிடியோடு சேர்ந்துகொள்ளும்.

‘உனக்கு முடி இல்லை, அதான் நிற்கலை’ என்று யாராவது சொன்னால் மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். பிரசவத்துக்குப் பின் கொட்டும் முடி பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் திரும்ப வளர்ந்துவிடும். அதுவரை உங்களுக்கு வேண்டியது சின்ன கிளிப், அவ்வளவுதான். அட்டையில் பூப்படம் போடும் இடத்தில் இத்தனை மி.மீ. முடிக்கு என்று ஒரு வரி போட்டால் எத்தனை பெண்கள் நிம்மதியாக வாங்குவார்கள்!

கே: எங்கள் சுயஉதவிக் குழு சொந்தமாக கிளிப் செய்து விற்க விரும்புகிறது. எண்ணெய் வைத்த, அடர்த்தியான முடியிலும் நிற்க வேண்டும். சீக்கிரம் உடையக் கூடாது. வடிவமைப்பில் எதைப் பார்க்க வேண்டும்?
– திருப்பூர் வாசகி

ப: நல்ல முயற்சி. மோல்டு வெட்டக் கொடுத்த பிறகு மாற்றம் செய்தால் செலவு எகிறும். அதனால் எல்லாவற்றையும் காகிதத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முடியை நசுக்கிப் பிடிக்க நினைக்காதீர்கள், வளைத்துப் பிடியுங்கள். படகுக் கயிற்றைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை லேசாகப் பிடித்தாலே படகு நிற்கிறது அல்லவா? கயிறு எத்தனை சுற்று வளைகிறதோ அதற்கேற்ப உராய்வு பெருகுகிறது, அதுவும் கூட்டல் கணக்கில் அல்ல, பெருக்கல் கணக்கில். உராய்வுக் குணகம் (இரு பரப்புகள் எவ்வளவு உரசிப் பிடிக்கும் என்பதைக் காட்டும் எண்) 0.2 என்று வைத்தால், அரைச் சுற்றில் பிடி 1.9 மடங்கு, முழுச் சுற்றில் 3.5 மடங்கு, இரண்டு சுற்றில் 12 மடங்கு. முடிக்கும் இதே விதிதான். இரு பக்கப் பற்களும் நேருக்கு நேர் நிற்காமல், ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று நுழையும்படி வையுங்கள். முடி வளைந்து நெளிந்து போகும். எண்ணெய் உராய்வைக் குறைத்தாலும் வளைவுகள் ஈடுகட்டும்.

ஸ்பிரிங் கம்பியில் நிதானம் வேண்டும். அதன் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் மடியில் ஏறும், அதாவது தடிமனை நான்கு முறை பெருக்கிய கணக்கில். 1 மி.மீ. கம்பியை 1.2 மி.மீ. ஆக்கினால், மற்ற அளவுகள் மாறாதபோது, விறைப்பு இரு மடங்காகிவிடும். வயதானவர்களின் விரலால் திறக்கவே முடியாது. ஈரத் தலையிலும் மாட்டுவார்கள். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியே போடுங்கள்.

உடைவது பெரும்பாலும் கீல் பக்கம்தான். பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் மலிவு, கண்ணாடி மாதிரி மின்னும், ஆனால் விறைத்து உடையும் குணம் கொண்டது. எண்ணெய் பட்டு, மேலே ஸ்பிரிங்கின் அழுத்தமும் ஓயாமல் இருந்தால் நுண்ணிய வெடிப்பு விட்டு ஒரு நாள் படக்கென்று போகும். தேங்காய் எண்ணெய் வைக்கும் ஊரில் அந்தப் பொருளில் கிளிப் செய்து விற்பது எனக்குச் சம்மதமே இல்லை. நைலானும் அசிட்டால் என்ற பிளாஸ்டிக்கும் எண்ணெயைத் தாங்கும், விலை கூடுதல். எதில் செய்தாலும் கீலின் உள்மூலையைக் கூராக விடாதீர்கள். சுவர் 2 மி.மீ. என்றால் மூலையை 1 மி.மீ. ஆரத்தில் வளைவாக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, மோல்டின் இரண்டு பாதியும் சேரும் கோடு பல்லின் உட்பக்கம் வரக் கூடாது. அங்கே மெல்லிய பிசிர் நிற்கும், அது முடியை அறுக்கும். முதல் மாதிரி வந்ததும் ஒரு நைலான் சாக்ஸை பற்களுக்கு இடையே இழுத்துப் பாருங்கள். இழை மாட்டினால் திருப்பி அனுப்புங்கள்.

கே: சைடு பின்னில் நெளிந்த பக்கம் மேலே வர வேண்டுமா, கீழேயா?
– காரைக்குடி வாசகி

ப: கீழே, தலையை ஒட்டி. பின்னை வாயில் கடித்துப் பிரிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அளவுக்கு மேல் விரிந்த எஃகு பழைய இறுக்கத்துக்குத் திரும்பாது. வழுக்கும் முடிக்கு இரண்டு பின்னைக் குறுக்காக, ஒன்றின் மேல் ஒன்று போடுங்கள்.

கே: என் மகளுக்கு இரண்டு வயது. டிக் டாக் கிளிப் ‘டப்’ என்று மூடுகிறது, ஆனாலும் கழன்றுவிடுகிறது. ஏன்?
– வேலூர் வாசகர்

ப: அந்த கிளிப் மெல்லிய எஃகுத் தகடு. அதன் இரு கால்களையும் நெருக்கி இழுத்து நுனியில் ரிவெட் அடிப்பதால் தகடு ஒரு பக்கமாகப் புடைத்து நிற்கிறது. நீங்கள் அழுத்தும்போது புடைப்பு மறுபக்கம் தாவுகிறது, ‘டப்’ சத்தம் அதுதான். மூடியதற்கு அடையாளமே தவிர, முடியைப் பிடித்ததற்கு அல்ல. குழந்தையின் மெல்லிய முடி வழவழப்பான பெயின்ட் மேல் சறுக்கிவிடும்.

நடு நாக்கில் கம்பளி நூலை நெருக்கமாகச் சுற்றி முடிச்சிடுங்கள், பிடி வந்துவிடும். நாலு முடியை அப்படியே அள்ளாமல், சின்னதாக ஒரு முறுக்கு முறுக்கி அதன் மேல் போடுங்கள். மணி, பூ ஒட்டிய கிளிப் இந்த வயதில் வேண்டாம் தம்பி. பிய்ந்து வந்தால் நேரே வாய்க்குப் போகும். தூங்க வைக்கும் முன் கழற்றிவிடுங்கள்.