டர்போவும் கம்ப்ரஷனும் – கடிதம்

வணக்கம்,

எனக்குத் தேனி. மாதம் இரண்டு முறை குடும்பத்தோடு போடிமெட்டு ஏறி மூணாறு போய்வருகிறோம். பழைய காரை மாற்றப் போகிறேன். ஹூண்டாய் வென்யூவில் 1.2 லிட்டர் சாதா பெட்ரோல் எஞ்சின் 83 குதிரைத்திறன், அதைவிடச் சிறிய 1 லிட்டர் டர்போ எஞ்சின் 120 என்கிறார்கள். கம்ப்ரஷன் கூடினால்தான் பவர் கூடும் என்று படித்திருக்கிறேன். ஆனால் டர்போ எஞ்சினில் கம்ப்ரஷனைக் குறைத்துத்தான் வைப்பார்களாமே? பிறகு எங்கிருந்து பவர் வருகிறது? எங்கள் மெக்கானிக் அண்ணன், “டர்போ எடுக்காதீங்க தம்பி, சீக்கிரம் செலவு வச்சிடும்” என்கிறார். விளக்க முடியுமா?

கே., தேனி

அன்புள்ள கே.,

இரண்டுமே காற்றை அமுக்குகின்றன என்பதால் வரும் குழப்பம் இது. ஊற்றிய பெட்ரோலிலிருந்து எவ்வளவு வேலை வாங்கலாம் என்பது கம்ப்ரஷனின் கையில் இருக்கிறது. ஒரு சுற்றில் எவ்வளவு பெட்ரோலை எரிக்கலாம் என்பது டர்போவின் கையில்.

பிஸ்டன் அடியில் நிற்கும்போது சிலிண்டருக்குள் 300 மில்லி இடம், உச்சிக்கு வந்ததும் 30 மில்லி என்றால் அழுத்த விகிதம், அதாவது நீங்கள் சொல்லும் கம்ப்ரஷன், 10:1. எரிந்த வாயு பிஸ்டனைக் கீழே தள்ளும்போதும் அதே பத்து மடங்குதான் விரியும். விரிய விரியத்தான் சூடு வேலையாக மாறுகிறது. மிச்சச் சூடு சைலன்சர் வழியே போய்விடும். ஏட்டுக் கணக்கில் 8:1 எஞ்சின் எரிபொருளின் வெப்பத்தில் 56 சதவீதத்தை வேலையாக்கும், 10:1 எஞ்சின் 60, 12:1 எஞ்சின் 63. உராய்விலும் ரேடியேட்டரிலும் இழப்பதால் நிஜத்தில் இதில் பாதியைக் கொஞ்சம் தாண்டினாலே நல்ல எஞ்சின். ஏற ஏற லாபம் சுருங்குவதையும் கவனியுங்கள். 83 குதிரைத்திறனை 120 ஆக்க இந்த வழியில் முடியாது.

டர்போ அந்த மிச்சச் சூட்டைப் பிடித்துக்கொள்கிறது. 1905-ல் ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி காப்புரிமை வாங்கிய யோசனை. வெளியேறும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை எஞ்சினுக்குள் திணிக்கிறது. 1 லிட்டர் எஞ்சினுக்குள் ஒன்றரை லிட்டர் எஞ்சினுக்கான காற்று போனால், அதற்கேற்ற பெட்ரோலும் எரியும். உங்கள் மலைப்பாதையில் இது இன்னும் பேசும். மூணாறு உயரத்தில், அதாவது சுமார் 1,500 மீட்டரில், காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. சாதா எஞ்சின் அந்த அளவுக்குப் பவரை இழந்தே தீரும். டர்போ கூடுதலாகச் சுற்றி அதில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும்.

சரி, இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் என்ன? இடையில் நிற்பது நாக்கிங். சைக்கிளுக்குக் காற்றடித்தபின் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டால் சுடுமே, அந்தச் சூடுதான் பிரச்சினை. 30 டிகிரியில் நுழையும் காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால் அது 100 டிகிரியைத் தாண்டிவிடும். அதைப் பிஸ்டனும் நசுக்கினால், பிளக் மூட்டிய தீ வந்து சேருவதற்குள் மூலையில் இருக்கும் கலவை தானாகவே வெடிக்கும். மேட்டில் பெரிய கியரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் கேட்கும் ‘டிக் டிக்’ அதுதான். தொடர்ந்தால் பிஸ்டன் தலையில் குழி விழும். எனவேதான் 1975-ன் போர்ஷே 911 டர்போவில் அழுத்த விகிதம் வெறும் 6.5:1. டர்போ வேகம் பிடிக்கும்வரை அந்தக் கார் மந்தமாக இருந்து, பிறகு திடீரென்று பாயும்.

எனக்கு மிகவும் பிடித்த கதை அதற்கும் முந்தியது. 1962-ல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் காரில் கம்ப்ரஷனைக் குறைக்காமல், 10.25:1-ல் வைத்துக்கொண்டே டர்போ மாட்டினார்கள். நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து எஞ்சினுக்குள் தெளித்தார்கள். அது ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அருமையான யோசனை. ஆனால் பலர் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். தொட்டி காலியானால் டர்போவின் வேலையை எஞ்சினே மட்டுப்படுத்திவிடும். காரில் இழுவை இருக்காது. இரண்டே வருடத்தில் நிறுத்திவிட்டார்கள். பிற்பாடு நிறையக் கார்களில் டர்போவைக் கழற்றிச் சாதா கார்புரேட்டரை மாட்டிக்கொடுத்தார்கள்.

அந்தத் திரவம் செய்த வேலையை நீங்கள் பார்க்கும் 1 லிட்டர் எஞ்சினில் பெட்ரோலே செய்கிறது. நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கப்பட்டு, அங்கேயே ஆவியாகி, உள்ளே குளிர்விக்கிறது. டர்போவிலிருந்து வரும் காற்றை இன்டர்கூலர் ஆற்றிக்கொடுக்கிறது. நாக்கிங் தொடங்கினால் சென்சார் உணர்ந்து தீ மூட்டும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறது. ஆகவே இன்றைய டர்போ எஞ்சின்களில் கம்ப்ரஷனை அந்த போர்ஷே அளவுக்கு இறக்க வேண்டியதில்லை, 10:1 சர்வசாதாரணம்.

மெக்கானிக் அண்ணன் சொன்னதை நான் தள்ளிவிட மாட்டேன். ஒரு பட்டறையில் கழற்றிவைத்திருந்த டர்போவைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். சக்கரம் உள்ளங்கைக்குள் அடங்கும். தண்டை விரலால் அசைத்தால் லொடலொடவென்று ஆடியது. ஆயில் வரும் துளை கருகிய கசடால் பாதி அடைத்திருந்தது. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டு, மெல்லிய ஆயில் படலத்தின்மேல் மிதக்கிறது. ஆயில் கெட்டால் முதலில் போவது அதுதான். கையேட்டில் போட்டிருக்கும் ரக ஆயிலை, சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே மாற்றிவிடுங்கள். மலை ஏறி நிறுத்தியதும் சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிடுங்கள். இதைச் செய்ய முடியாது என்றால் 1.2-ஐயே எடுங்கள், அது பொறுமைசாலி.

முடிவு செய்யுமுன் ஷோரூமில் கேட்டு இரண்டையும் போடி மலைப்பாதைக்குக் கொண்டுபோங்கள். ஐந்து பேரும் ஏறிக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவில் திரும்பியதும் இரண்டாம் கியரில் மெதுவாக மிதித்து, எது முனகுகிறது என்று கேளுங்கள்.