கோணேசர் பதிகம் முதல் சீறா வரை: கேட்டதும் சொன்னதும்

பக்தி இலக்கியம் பற்றித் திருகோணமலைப் பக்கத்து வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்பவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். கோயில்களில் புராணத்துக்குப் பயன், அதாவது பொருள், சொல்லிப் பழகியவர்.

உவர்மலை, உயர்தர மாணவி: சேர், சம்பந்தர் கோணேசர் கோயிலுக்கு வந்துதான் தேவாரம் பாடினவர் எண்டு அம்மம்மா சொல்லுறா. புத்தகத்தில அப்பிடி இல்லையே?

புத்தகம் சரி, மகள். சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டுக்காரர். இராமேச்சரத்தில் இருந்தபடியே கோணமலையையும் மாதோட்டத்துக் கேதீச்சரத்தையும் பாடினார் என்றுதான் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். அதற்காக அம்மம்மாவோடு வாதாடப் போக வேண்டாம். "நிரைகழல் அரவம்" என்று தொடங்கும் அந்தப் பதிகத்தை மூன்றாம் திருமுறையில் எடுத்து ஒருக்கா வடிவாகப் படியுங்கோ, அவ ஏன் அப்படி நம்புகிறா என்று விளங்கும். முதற்பாட்டில் கடல் சந்தனத்தையும் கரிய அகில் துண்டுகளையும் மணிகளையும் வாரிக்கொண்டு வருகிறது, முத்தைக் கரையில் கொழிக்கிறது. இரண்டாம் பாட்டில் அதே கடல் "கொடிதெனக் கதறும் குரைகடல்" ஆகிவிடுகிறது. அடுத்த அடியிலேயே "குடிதனை நெருங்கிப் பெருக்கமாய்த் தோன்றும் கோணமா மலை" என்று ஊரும் வந்துவிடும். கோயில், கடல், நெருங்கிய குடியிருப்பு மூன்றும் ஒரே பாட்டில். மார்கழியில், வாடைக்காற்று அடிக்கிற நாளில், கோயில் இருக்கிற சுவாமி மலையில் நின்று கீழே பார்த்தால் "கொடிதென" என்ற சொல்லுக்கு யாரும் பயன் சொல்லத் தேவையில்லை. பரீட்சைக்கு முதற்பாட்டைத்தான் எல்லோரும் பாடமாக்குகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நல்ல பாட்டு.

ஓட்டோ ஓட்டுநர், நகரம்: வெளியூர் ஆக்களை இராவணன் வெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறனான். தாய்க்காக மலையை வெட்டின கதை எந்த இராமாயணத்தில இருக்கு ஐயா?

வால்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. அது நம்முடைய ஊர் வழக்கு. தாய்க்குக் கிரியை செய்யக் கன்னியாவில் வெந்நீர் ஊற்றுகளை உண்டாக்கிய கதையும் அதோடு சேர்ந்ததுதான். பதிகத்தின் எட்டாம் பாட்டில் வரும் இராவணன் கயிலையை எடுக்கப்போய்ச் சிவனின் விரலால் நசுங்குண்டவன். சம்பந்தர் தம் பதிகங்களில் அந்த இடத்தில் அவனைத்தான் வழக்கமாகப் பாடுவார். வெளியூர் ஆக்களிடம் "எங்கட ஊர்க் கதை" என்றே சொல்லுங்கோ. அதில் ஒரு குறையும் இல்லை.

பாலையூற்று: கோட்டை வாசலில் மீன் உருவத்தோடு இருக்கிற கல்லில் "முன்னே குளக்கோட்டன்" என்று எழுதியிருக்கிறதாம். கோணேசர் கல்வெட்டு என்பது அதுதானா?

இல்லை. கோணேசர் கல்வெட்டு ஒரு நூல், கவிராசவரோதயர் செய்தது. குளக்கோட்டன் என்ற அரசன் கோயிலுக்குத் திருப்பணி செய்தது, கந்தளாய்க் குளம் கட்டியது, தானத்தார் வரிப்பத்தார் என்று குடிகளை இருத்தி இன்னாருக்கு இன்ன தொழும்பு (கோயிற்பணி) என்று வகுத்தது எல்லாம் அதில் வரும். பாட்டுச் சுவைக்காகப் படித்தால் சலிக்கும். பழைய கோயில் ஒன்று எப்படி நடந்தது என்று பார்க்கப் படித்தால் கீழே வைக்க மனம் வராது. கல்லில் இருப்பது, குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி குலைப்பான் என்ற வெண்பாவின் துண்டு. வருவதுரைத்தல் போல இருக்கும். போர்த்துக்கீசர் கோயிலை இடித்தது 1620களில். நடந்து முடிந்த பிறகு எழுந்த பாட்டு என்பது என் எண்ணம்.

கிண்ணியா, ஆசிரியை: சீறாப்புராணத்தை வகுப்பில் துண்டு துண்டாகத்தான் படித்தோம். முழுதாகப் படிக்க எங்கே தொடங்கலாம்?

விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என்று மூன்று காண்டம், 5,027 பாட்டு. உமறுப்புலவர் கம்பனில் ஊறியவர். முதற்காண்டத்து நாட்டுப்படலத்தில் அரபு நாட்டில் மழை பெய்து மருதநிலமே விரிந்துவிடும்! சிலர் அதைக் குற்றமாகச் சொல்வார்கள். தமிழ்க் காப்பியம் செய்தவர் தமிழ் வயலைப் பாடாமல் வேறெதைப் பாடுவார்? உங்கள் பக்கத்து வயல்வெளியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் படலத்தைத்தான் நான் முதலில் கொடுப்பேன். பிறகு மானுக்குப் பிணை நின்ற படலம், அதைக் கதையாகவே சொல்லலாம். நபிகளாரின் வரலாறு உமறுவின் நூலில் முடிவடையவில்லை. பின்னால் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறா பாடி மிச்சத்தைச் சொன்னார்.

தம்பலகாமம், இளைஞர்: கோயிலில் கந்தபுராணம் படிக்கிறவருக்கு வயது போய்விட்டது. என்னைப் பழகச் சொல்கிறார்கள். 10,345 பாட்டு என்றதும் பயமாயிருக்கு.

தம்பி, எல்லாவற்றையும் ஆரும் ஒரேயடியாகப் படித்ததில்லை. படிக்கிறவர் பாட்டை இசையோடு முழுதாகப் படிப்பார். பிறகு சீர் பிரித்துத் துண்டு துண்டாகக் கொடுப்பார், பயன் சொல்கிறவர் அந்தத் துண்டுக்குப் பொருள் சொல்வார். ஆகவே உமக்கு வேண்டியது முதலில் சந்தி பிரிக்கிற பழக்கம். காப்புப் பாட்டில் "திகட சக்கரச் செம்முகம்" என்று தொடக்கத்திலேயே இடறும். திகழ், தச, கரம் என்று பிரிய வேண்டும். காஞ்சியில் அரங்கேற்றத்தின்போதே அந்தப் புணர்ச்சிக்குத் தடை சொன்னார்கள் என்று கதை உண்டு, நீர் இடறினால் வெட்கப்பட வேண்டாம். கடைசியில் வரும் வள்ளியம்மை திருமணப் படலத்தில் தொடங்கும். தினைப்புனமும் பரணும் கிழவன் வேடமும் வாயில் தானாக ஓடும். சூரபன்மன் வதையைக் கந்தசட்டிக்கு முன் தனியாகப் பழகும். பெரியவர் இருக்கும்போதே அவருக்குப் பக்கத்தில் இருந்து படியும். இராகம் மாறுகிற இடம் அச்சில் இராது.

நிலாவெளி: பூசை முடிவில் பாடும் "வான்முகில் வழாது பெய்க" தேவாரமா?

அதுவும் கந்தபுராணம்தான், கச்சியப்பருடைய வாழ்த்து.

நகரம், கத்தோலிக்க வாசகர்: தேம்பாவணி சாதாரண ஆளுக்கு விளங்குமா?

உரையோடு என்றால் விளங்கும். வீரமாமுனிவர் சூசையப்பரை வளன் என்று பெயரிட்டுத் தலைவனாக்கி 3,615 பாட்டுச் செய்தார். முதலில் பாலனின் பிறப்பைச் சொல்லும் இடத்தை எடுத்து, நத்தார் காலத்தில் வீட்டில் சத்தமாகப் படித்துப் பாருங்கோ.

லண்டன், சொந்த ஊர் மூதூர்: எங்கள் பக்கத்துக்குத் தலபுராணம் உண்டா? இங்கே எப்படிப் பெறலாம்?

உண்டு. மகாவலிக் கரையிலிருந்த கரசைத் தலத்தைப் பாடும் திருக்கரசைப் புராணம். வெருகல் பக்கம் என்றால் தம்பலகாமம் வீரக்கோன் முதலியார் பாடிய வெருகல் சித்திரவேலாயுதர் காதல் என்ற நூலையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. முதலில் நூலகம் என்ற இணைய நூலகத்தில் தேடிப் பாருங்கோ, ஈழத்துப் பழைய பதிப்புகள் பலவற்றை ஸ்கேன் செய்து இலவசமாகவே போட்டிருக்கிறார்கள். எழுத்து மங்கலாயிருந்தால் பெரிதாக்கிப் படியுங்கோ.